அக்கா லைக் போட்ட நாள்

ஃபேஸ்புக்கில் நட்பு அழைப்பு வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அக்கா பஸ் ஏறுவாள்.

சும்மா வேடிக்கைக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு வந்து, நாலு பேரிடம் விசாரித்து ஒரு பஸ்ஸைப் பிடித்து, முன்பின் பார்த்திராத ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்பாள். கையில் ஒரு துணிப்பை இருக்கும். அழைப்பு அனுப்பியவர் பெண் என்றால் பைக்குள் ஒரு பிளவுஸ் பிட், ஆண் என்றால் ஒரு தோர்த்து, அதாவது அந்த ஊர்த் துண்டு. போய், ஆளைப் பார்த்து, வீட்டில் உள்ளவர்களையும் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்புவாள். திரும்பி வரும் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் போனை எடுத்து அந்த அழைப்பை ஏற்பாள்.

"மொகம் பாக்காத ஆளு எப்பிடிப் பிள்ளே ஃபிரண்டு ஆவும்?" என்பாள்.

எனக்கு அப்போது ஆயிரக்கணக்கில் ஃபிரண்டுகள். அவர்களில் பலரை ரோட்டில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ எனக்கு உடம்பு சரியில்லை என்பது போல இருந்தது.

திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவில் ஒரு மொத்தத் துணிக்கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். நான் கணக்கு எழுதுவேன். அதோடு கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அக்கா கர்ட்டன் துணியும் பிளவுஸ் பிட்டும் விற்கும் கவுண்டரில் நிற்பாள். மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்தவள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மணக்காட்டில் வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருக்கும். அதனால் ஞாயிறு முழுக்க அக்காவுக்குச் சொந்தம். நல்ல உயரம். கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் இருக்கும். கழுத்தில் ஒரு ரிப்பனில் கத்தரிக்கோல் தொங்கும். அவளைவிட மூத்தவரான அண்ணாச்சிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

நெடுமங்காட்டுக் கண்டக்டர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் அக்காவுக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். அக்கா வழக்கம்போல "வீடு எங்க?" என்று கேட்டு எழுதினாள். பாவம், அவரும் ஏதோ நினைவில் வழி சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா போய் மணியை அடித்ததும் கதவைத் திறந்தது அவருடைய மனைவி.

"ஆராணு?"

"சார் இல்லியா? நான் சாருக்க ஃபிரண்டாக்கும்."

"எவிடத்தெ ஃபிரண்டு?"

"ஃபேஸ்புக்குல."

"ஞான் அறியாத்த ஃபிரண்டோ?" என்று, தனக்குத் தெரியாமல் ஒரு ஃபிரண்டா என்கிற தொனியில், அந்தம்மா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாராம். கண்டக்டர் அப்போது பின்பக்கம் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வாழை மறைவில் நின்றுகொண்டாராம். அக்கா அசரவில்லை. தோர்த்தை எடுத்து அந்தம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "இது சாருக்கு. உங்களுக்கு ஒண்ணும் கொண்டு வரல்லியே, எனக்கு நாணமா இருக்கு" என்று சொல்லி, சோபாவில் உட்கார்ந்து, அந்தம்மாவின் முழங்கால் வலியிலிருந்து மருமகள் குணம் வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தம்மாவை ஃபிரண்டாகச் சேர்த்தாள். கண்டக்டருடைய அழைப்பை நீக்கிவிட்டாள்.

"வீட்டுக்கு வந்த ஆளுக்க மொகத்துல முழிக்க மாட்டேங்குறாரு. அவரு எதுக்கு ஃபிரண்டு?"

இந்த "வீடு எங்க?" இருக்கிறதே, அதைக் கண்டு நடுங்கி ஓடியவர்கள் ஏராளம். அழகான இளைஞன் படம் போட்டு ஆங்கிலத்தில் கொஞ்சும் போலிக் கணக்குகள் எல்லாம் அந்தக் கேள்வி போனதும் கணக்கையே மூடிக்கொண்டு போய்விடும். நாங்கள் சிரிப்போம். அக்கா மட்டும், "பாவம், வீடு இல்லாத ஆளோ என்னவோ" என்று உண்மையாகவே வருத்தப்படுவாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அழைத்தால், "லீவுக்கு வரட்டு, பாத்துட்டு அமுக்குதேன்" என்று நிறுத்திவைப்பாள்.

லைக் போடுவது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கடையில் யாராவது குழந்தையின் படம் போட்டால் நாங்கள் எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே இதயம் இதயமாக அனுப்புவோம். அக்கா கவுண்டரை விட்டு வந்து, "போட்டோ பாத்தேன். பிள்ளைக்குக் கண்ணுல மை ஜாஸ்தி, கொறைச்சுப் போடு" என்று நேரில் சொல்லிவிட்டுப் போவாள். ஏன் ஒரு லைக் போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுக் கதவைத் தட்டிட்டு ஓடிப்போறது மாதிரில்லா இருக்கு அது? தட்டினா நிக்கணும் பிள்ளே. தொறக்குறது வரைக்கும் நிக்கணும்."

கல்யாணமாகி நான் கோயம்புத்தூருக்கு வந்த பிறகு என் முதல் பிறந்தநாளன்று விடியற்காலையில் மணி அடித்தது. திறந்தால் அக்கா! ரயிலில் உட்கார்ந்தே வந்திருக்கிறாள். கையில் அதே பை. அன்றைக்கு என் போனில் வாழ்த்துகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. அவை எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். அக்கா கொண்டுவந்த மயில்கழுத்து நிறப் பிளவுஸ் பிட்டை மட்டும் இன்னும் தைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். தைத்தால் பழசாகிவிடும் என்று பயம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அக்கா வாழ்க்கையில் ஒரே ஒரு முறை லைக் போட்டாள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

கிளியில் ஆரம்பித்தது அந்தக் கதை. சூரத்திலிருந்து கர்ட்டன் துணி ஒரு பேல், பெரிய கட்டு, வந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் பச்சைக் கிளிகள் அத்தனையும் தலைகீழாக இருந்தன! பூவும் இலையும் நேராக இருக்க, கிளி மட்டும் காலை மேலே வைத்துக்கொண்டு தொங்கியது. திருப்பிப் போட்டுத் தைக்கலாம் என்றால் பூந்தொட்டி கவிழ்ந்துவிடும். அனுப்பியவர்கள் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அண்ணாச்சி தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"குடுங்க அண்ணாச்சி, நான் வித்துத் தாரேன்" என்றாள் அக்கா.

ஸ்ரீவராகம் குளத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் புதிதாகத் திறந்திருந்தார்கள். அதன் மேட்ரன் எல்லா ஜன்னலுக்கும் துணி பார்க்க வந்திருந்தார். அக்கா கிளித்துணியை விரித்தாள். மேட்ரன் கண்ணைச் சுருக்கினார். எனக்குக் கை துறுதுறுத்தது, போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன்.

"மேடம், அங்க உள்ளவங்க முக்காவாசி நேரமும் கட்டில்ல தானே? ஜன்னலுக்க பக்கம் தலையை வச்சுப் படுத்துக்கிட்டு அண்ணாந்து பின்னால பாத்தா எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். நேரா இருக்கப்பட்ட கிளி அவங்களுக்குத் தலைகீழ். இந்தக் கிளிதான் நேரா இருக்கும். படுத்துக்கிட்டு பாக்கப்பட்டவங்களுக்குன்னே அடிச்ச துணியாக்கும் இது!"

மேட்ரன் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பேல் முழுவதும் ஒரே ஆட்டோவில் ஸ்ரீவராகத்துக்குப் போனது. ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

அந்த வீடியோவைக் கடைப் பக்கத்தில் போட்டேன். ஐயோ, என்ன ஓட்டம் ஓடியது! மலையாளத்தில் ஒருவர், தமிழில் ஒருவர் என்று பகிர்ந்துகொண்டே இருந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் "கிளிச் சேச்சி எங்கே?" என்று அக்காவைத் தேடினார்கள். கமெண்டில் அக்காவின் பழைய சிநேகிதர்கள் வந்து, "இந்தச் சேச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்", "எங்கள் வீட்டுக்கும் வந்தார்" என்று படத்தோடு போட ஆரம்பித்தார்கள். தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுமங்காட்டுக் கண்டக்டரின் மனைவி, பிளவுஸ் பிட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர். அக்காவுக்கு அழைப்புகள் வந்து குவிந்தன. அத்தனை பஸ் ஏற ஒரு பிறவி போதாது. ஆனாலும் அக்கா வெறுமனே அமுக்கவில்லை.

அப்படி வந்த அழைப்புகளில் ஒன்றைப் பார்த்துத்தான் கவுண்டரிலிருந்தே கூவினாள்.

"பிள்ளே! ஓடி வா! எனக்க லில்லிபாயி!"

போனில் "லில்லி துபாய்" என்று ஒரு பேர். பட்டுப்புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள். பள்ளிக்கூடத்தில் அக்காவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். வாடிக்கையாளர்களை நிற்க வைத்துவிட்டு எனக்கு ஒரு கதை சொன்னாள். பள்ளியில் வகுப்புப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு எல்லோரும் செருப்புப் போட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். லில்லிக்குச் செருப்பு இல்லை. அக்கா தன் செருப்பில் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு காலில் செருப்பு, மற்றக் காலை மற்றப் பிள்ளைகளின் பின்னால் மறைத்துக்கொண்டு இருவரும் விறைப்பாக நின்றிருக்கிறார்கள்.

"இன்னும் அந்தப் போட்டோ எனக்க வீட்டுல இருக்கு. பாத்தா ரெண்டுபேருக்கும் செருப்பு உள்ளது மாதிரியே இருக்கும்!"

அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் துள்ளினேன். அக்கா மாட்டேன் என்றாள். லில்லியாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். "எப்ப லீவு?" என்று மட்டும் எழுதினாள். "அடுத்த வருஷம்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு இதயம். அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானும் அக்காவும் லில்லியின் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். சோபாவில் லில்லி, பூச்சாடி அருகில் லில்லி, "துபாய் ஃபிளாட்டில் மாலை நேரம்" என்று எழுதி லில்லி. "நல்லா இருக்கா, பாத்தியா? செருப்பு இல்லாம வந்தவ!" என்று அக்கா பூரித்துப்போவாள். லில்லி லீவுக்கு வரும்போது கொடுக்க என்று நல்ல வெங்காய நிறப் பட்டுத் துண்டு ஒன்றை வெட்டித் தனியாகச் சுருட்டி வைத்தாள்.

ஒருநாள் நான் ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். சும்மா, அந்தப் புடவையின் கரையைப் பார்ப்பதற்காக. பின்னால் ஜன்னல். ஜன்னலில் கர்ட்டன். கர்ட்டனில் கிளி.

கிளி தலைகீழாக இருந்தது.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி காபியைச் சிந்திவிட்டார். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அடுத்த படத்தைத் திறந்தோம். அதிலும் கிளி. அதற்கு முந்தியதிலும் கிளி. துபாய் ஃபிளாட்டில் மாலை நேரம் என்ற படத்தில் கிளிகள் ஜன்னல் முழுக்கத் தொங்கின.

"என்னம்மா இது, நம்ம துணி துபாய்க்கு எப்பப் போச்சு?" என்றார் அண்ணாச்சி.

எங்கும் போகவில்லை. அந்தப் பேல் முழுக்க ஒரே இடத்துக்குத்தான் போனது. ஸ்ரீவராகம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஆட்டோ ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. லில்லி இங்கேயே, இதே ஊரில்! அக்கா மட்டும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் கூடவே கிளம்பினேன், விடுவேனா? அக்கா பையில் அந்தப் பட்டுத் துண்டு. ஆட்டோவில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்ததும் லில்லி முகம் எப்படி இருக்கும், அக்கா முதலில் என்ன சொல்வாள், வீடியோ எடுக்கலாமா வேண்டாமா என்று என் வாய் ஓயவில்லை. குளத்தைத் தாண்டி இறங்கினோம். இல்லத்தின் இரும்புக் கேட் பாதி சாத்தியிருந்தது. அக்கா கொண்டியில் கையை வைத்து லேசாகத் தூக்கினாள்.

வராந்தாவில் ஒரு வயதான அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று ஒருத்தி அவருடைய ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இளநீல மேலங்கி, காலில் ரப்பர் செருப்பு. பட்டும் கறுப்புக் கண்ணாடியும் இல்லை. ஆனாலும் அது லில்லி என்று எனக்கே தெரிந்தது. அந்தம்மாள் ஏதோ முணுமுணுக்க, லில்லி குனிந்து, "வலிக்குதா? கழிஞ்சு, இப்ப முடிஞ்சிரும்" என்றாள்.

நான் அக்காவைத் தள்ளினேன், போங்க என்று. அக்கா கொண்டியை விட்டாள். டங் என்று ஒரு சத்தம்.

"வா பிள்ளே, போலாம்."

"அக்கா! இவ்வளவு தூரம் வந்துட்டு?"

அவள் வேகமாக நடந்தாள். முன்பின் தெரியாத வீட்டுக்குள் எல்லாம் தயங்காமல் போய் உட்கார்ந்தவள், பெஞ்சைப் பங்கு போட்டவளுடைய வாசலிலிருந்து திரும்பி நடக்கிறாள்! முனையில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"அவ துபாய்ல இருக்கேன்னு சொல்லுதா. நான் போயி முன்னால நின்னா அது பொய்யாயிப் போவும். போட்டோவுக்கு நிக்கும்போ ஒரு காலை மறைக்கத்தான் செய்வா பிள்ளே. நானும் மறைச்சேன்லா? அதைப் போயி இழுத்துக் காட்டினா அவ எனக்க மொகத்துல பெறகு முழிப்பாளா? எனக்கு அவ வேணும்."

லில்லி கிடைத்தும் கிடைக்காமல் போய்விடுவாளோ என்ற பயம் அந்த உயரமான பெண்ணை அவ்வளவு சின்னதாக ஆக்கியிருந்தது. டீ ஆறிப்போனது. பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"அந்த லைக்கு எங்க அமுக்கணும்?"

நான் காட்டினேன். துபாய் ஃபிளாட்டில் மாலை நேரம். அக்கா நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஒரு விரலால் பலமாக அமுக்கினாள். கட்டைவிரல் நீலமானது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனசு, சிநேகிதியின் மானத்தைக் காக்கத் தன் சட்டத்தையே விட்டுவிட்டாளே என்று உருகிப்போனேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன், அம்மாவும் உருகினாள்.

நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு முட்டாள்கள் என்பது ஓணம் நெருங்கியபோது தெரிந்தது.

ஓணத்துக்கு முந்திய வாரம் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. அக்காவின் கவுண்டரில் ஆள்மேல் ஆள். "சேச்சி, இது மீட்டர் எத்ரயா?" என்று பத்துக் குரல்கள். அக்கா ஒரு கையால் அளந்து, ஒரு கையால் வெட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு குரல் மட்டும் தமிழில் வந்தது.

"கர்ட்டன் துணி வேணும். கிளி தலைகீழாத் தொங்கப்பட்டது."

அக்காவின் கத்தரிக்கோல் துணியின் பாதியில் நின்றது.

இளநீல மேலங்கிமேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு லில்லி நின்றாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"கேட் கொண்டி சத்தம் கேட்டுப் பாத்தேன். உனக்க முதுகு தெரிஞ்சுது. நடையும் தெரிஞ்சுது. திரும்பி வருவேன்னு தலை துவட்டுன தோர்த்தோட அப்பிடியே நின்னேன். பாத்தா போன்ல டிங்னு ஒரு சத்தம். லைக்கு! ஊரெல்லாம் போடுது எனக்கு லைக்கு. உனக்க லைக்கு எனக்கு எதுக்கு?"

"லில்லீ, நீ துபாய்னு..."

"துபாய்லருந்து வந்து நெறைய வருஷம் ஆச்சு, இப்பம் அந்த ஹோம்ல வேலை பாத்துட்டு அங்கயே தங்கியிருக்கேன். ஊர்ல சொல்லக் கூச்சமா இருந்துது, பேரை மாத்தல்ல. நீ அந்தக் கிளித்துணி விக்கப்பட்ட வீடியோவைப் பாத்தேன். பாத்துட்டுத் திரும்புனா எனக்க ஜன்னல்ல அதே கிளி! கண்டக்டருக்க பெண்டாட்டி வரைக்கும் எல்லாவளுக்க வீட்டுக்கும் நீ போயிருக்கே. எனக்க வீட்டுக்கும் வரமாட்டியான்னு இருந்துது. நான் இஞ்சதான் இருக்கேன், வந்து பாருன்னு எழுத நாணம். நீயே கண்டுபிடிச்சா நான் வாய் தொறந்து சொல்லாண்டாம்லா? அதுக்காக எல்லாப் போட்டோவையும் அந்தக் கர்ட்டனுக்க முன்னால நின்னு எடுத்தேன். கிளி தெரியணும்னு சோபாவை வேற தள்ளிப் போட்டேன். நீ வந்தே. கேட்டு வரைக்கும் வந்துட்டு..."

லில்லி கவுண்டரில் கையால் அடித்தாள். மலையாளத்தில் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை புரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும், ஒரு சேச்சி லில்லிக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அக்கா கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்த வேகத்தில் லில்லியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். லில்லியும் திருப்பி ஒன்று வைத்தாள். பிறகு இருவரும் நடுக்கடையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். இடையில் அக்காவின் கழுத்தில் கத்தரிக்கோல் தொங்குகிறதே என்று எனக்கு வேறு பதைபதைப்பு!

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "இப்பம் அமுக்குதேன், நில்லு."

லில்லி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அமுக்காண்டாம். சட்டம் எல்லாவளுக்கும் ஒண்ணுதான். மொதல்ல வீட்டுக்கு வந்து தண்ணி குடி."

"இப்பமா?"

"இப்பந்தான்."

அக்கா அலமாரிக்குள் கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த வெங்காய நிறப் பட்டுத் துண்டை எடுத்தாள். பாதி வெட்டிய துணியை என் கையில் திணித்தாள்.

"ஏ, ஓணம் நேரத்துல எங்க போறீய?" என்று அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தார்.

"எனக்க ஃபிரண்டுக்க வீட்டுக்கு!"

கத்தரிக்கோலையும் கழுத்தில் போட்டுக்கொண்டே போய்விட்டாள். அன்றைக்கு மீதி நேரம் நான்தான் கவுண்டரில் நின்றேன், பழைய கத்தரிக்கோலால் அத்தனை பேருக்கும் கோணல்மாணலாக வெட்டிக் கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

சாயங்காலம் லில்லியின் பக்கத்தில் ஒரு புதுப் படம் வந்தது. இளநீல மேலங்கியில் லில்லி, பக்கத்தில் அக்கா. இருவரும் வகுப்புப் போட்டோவுக்கு நிற்பது போல விறைப்பாக நிற்கிறார்கள். நான்கு கால்களும் தெரிகின்றன. பின்னால் ஜன்னல் நிறையக் கிளிகள். கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "எங்க வீட்டுல, ஸ்ரீவராகம்."

என் விரல் தானாகவே லைக்குக்குப் போனது. தொடுவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போய் அக்காவின் கவுண்டர் முன்னால் நின்றேன். "அக்கா, போட்டோ ரொம்ப நல்லா இருந்தது" என்று நேரில் சொன்னேன். அக்கா துணிகளை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அண்ணாச்சிக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பிள்ளே, அந்த மேட்ரன்ட்ட நான் சும்மா வாயில வந்ததைச் சொல்லித்தானே வித்தேன்? நேத்து லில்லிக்க கட்டில்ல ரெண்டுபேருமாப் படுத்துத் தலையைச் சாய்ச்சுப் பாத்தோம். நேராத்தான் இருக்கு, கேட்டியா. எல்லாக் கிளியும் நேராத்தான் இருக்கு!"